விளக்கு மட்டும் காப்பாற்றவில்லை!

(புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கை)

நான் பன்னிரண்டாம் வகுப்பு தொழிற்கல்வி, செவிலியர் பிரிவு மாணவி.

மே 12 உலக செவிலியர் தினம். அது யாருடைய பிறந்த நாள்னு கேட்டா எல்லாருமே கை தூக்கிடுவீங்க. கைவிளக்கு ஏந்திய காரிகை என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனா ஒரு விஷயம் பாருங்க. அம்மையார் கையில் விளக்கோடு அந்தப் போர் மருத்துவமனையில் நடந்தது ரெண்டு வருஷத்துக்கும் குறைவுதான். அவர் வாழ்ந்தது 90 வருஷம். மீதி வருஷமெல்லாம் என்ன செய்தார்? அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரை. பெல் அடிச்சுட்டா மதியம் வந்து மீதியைப் படிங்க!

பிறந்த ஊரே பெயர்

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் தேதி, இத்தாலி நாட்டில் உள்ள புளோரன்ஸ் நகரத்தில் பிறந்தார். அப்பா வில்லியம், அம்மா பிரான்சஸ். இங்கிலாந்தைச் சேர்ந்த பெரிய பணக்காரக் குடும்பம். கல்யாணம் முடிந்து அவர்கள் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இரண்டு பெண் குழந்தைகளும் பிறந்தார்கள். எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊர்ப் பெயரையே வெச்சுட்டாங்க. அக்கா பிறந்தது நேப்பிள்ஸ் நகரத்தில். அதனால் அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பது அக்காவுக்கு.

அந்தக் காலத்தில் பணக்கார வீட்டுப் பெண்களுக்குப் பாட்டு, தையல், நடனம் இதுதான் படிப்பு. ஆனால் இவர்களுடைய அப்பா நிறையப் படித்தவர். லத்தீன், கிரேக்கம், வரலாறு, தத்துவம் எல்லாவற்றையும் தன் மகள்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்தார். புளோரன்ஸுக்குக் கணக்கு என்றால் உயிர். எதைப் பார்த்தாலும் எண்ணி, பட்டியல் போட்டு எழுதி வைப்பார். இந்தக் கணக்கை மறந்துடாதீங்க, பின்னாடி வரும்.

வீட்டில் கிளம்பிய எதிர்ப்பு

17 வயது நடக்கும்போது, கடவுள் தன்னைச் சேவைக்கு அழைப்பதாக அவருக்குத் தோன்றியது. என்ன சேவை என்று அப்போது தெரியவில்லை. பக்கத்துக் கிராமங்களில் ஏழை நோயாளிகளைப் பார்க்கப் போனபோது, தன் வேலை இதுதான் என்று புரிந்துகொண்டார். 1845ல் சால்ஸ்பரி ஊரில் இருந்த மருத்துவமனைக்குப் போய் நோயாளி பராமரிப்பைக் கற்றுக்கொள்கிறேன் என்று வீட்டில் கேட்டார். வீடே கொந்தளித்துவிட்டது.

ஏன்னு கேட்கிறீங்களா? அந்தக் காலத்து மருத்துவமனை இன்றைக்கு உள்ளது மாதிரி இல்லை. வசதி உள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள். மருத்துவமனைக்குப் போவது ஏழைகள் மட்டுமே. ஒரே நாற்றம், கூட்டம். நர்ஸ் வேலைக்குப் படிப்பும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. குடித்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் என்ற கெட்ட பெயர்தான் இருந்தது. அந்த வேலைக்குத் தன் மகளை எந்தப் பணக்கார வீட்டில் அனுப்புவார்கள்?

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பிரிவு ஞாபகம்தான் வந்தது. மார்க் கம்மியா எடுத்தவங்கதான் நர்சிங் குரூப் போவாங்க என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். பெட்பேன் தூக்குற வேலைக்கா படிக்கிறே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். 1845ல் இங்கிலாந்தில் கேட்ட அதே கேள்வி!

அம்மையார் சண்டை போடவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. அதிகாலையில் எழுந்து, மருத்துவமனைகள் பற்றிய அரசாங்க அறிக்கைகளை வாங்கிப் படித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார். நல்ல இடத்தில் வந்த வரனையும் 1849ல் மறுத்துவிட்டார். 1851ல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் ஒரு பாதிரியார் நடத்திய நிறுவனத்தில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தார். அப்போது அவருக்கு வயது 31. ஆசைப்பட்ட படிப்பைத் தொட ஆறு வருஷம் காத்திருந்திருக்கிறார்.

முதல் வேலை

1853ல் லண்டன் ஹார்லி தெருவில் இருந்த ஒரு சிறிய பெண்கள் மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளர் ஆனார். சேர்ந்ததும் அவர் கேட்டது என்ன தெரியுமா? ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர் வருகிற குழாய், சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு சின்ன லிஃப்ட், நோயாளி கூப்பிட மணி. எதற்காக? நர்ஸ் நாள் பூரா மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் நோயாளி பக்கத்தில் யார் இருப்பது? ரொம்ப சாதாரண யோசனைதான். ஆனா அதுவரைக்கும் யாரும் யோசிக்கலை.

போர்க்களத்துக்குப் பயணம்

1853ல் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர் மூண்டது. 1854ல் இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கி பக்கம் சேர்ந்தன. கருங்கடலில் உள்ள கிரிமியா தீபகற்பத்தில் சண்டை. அதனால் இதற்குக் கிரிமியப் போர் என்று பெயர். காயம்பட்ட இங்கிலாந்து வீரர்களைக் கப்பலில் ஏற்றி, கடலைத் தாண்டி, இன்றைய இஸ்தான்புல் நகரத்தில் உள்ள ஸ்கூட்டாரி என்ற இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே ஒரு பெரிய ராணுவக் குடியிருப்பையே மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அங்கு வீரர்கள் கவனிப்பாரின்றிக் கிடப்பதாக டைம்ஸ் பத்திரிகையில் செய்தி வந்ததும் நாடே கொதித்தது. போர்த்துறை அமைச்சராக இருந்த சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். அவர் கேட்டுக்கொள்ள, 38 பெண்களை அழைத்துக்கொண்டு 1854 அக்டோபர் 21ஆம் தேதி அம்மையார் புறப்பட்டார். அவர்களில் கன்னியாஸ்திரிகளும் மருத்துவமனை நர்சுகளும் இருந்தார்கள். நவம்பர் முதல் வாரத்தில் ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார்கள்.

போனதும் பூச்செண்டு கொடுத்து யாரும் வரவேற்கவில்லை. பெண்களுக்கு ராணுவ மருத்துவமனையில் என்ன வேலை என்று மருத்துவர்கள் முகம் கொடுக்கவே இல்லை. அம்மையார் அவசரப்படவில்லை. மருத்துவர் கூப்பிடாமல் யாரும் வார்டுக்குள் போகக் கூடாது என்று தன் குழுவுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கட்டுத் துணிகளைத் தைத்துக்கொண்டு காத்திருந்தார். இங்கர்மேன் என்ற இடத்தில் பெரிய சண்டை நடந்து காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியதும், வேறு வழியில்லாமல் மருத்துவர்களே கூப்பிட்டார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தால் கட்டில் இல்லை, மாற்றுத் துணி இல்லை, சோப்பு இல்லை, துண்டு இல்லை. தாழ்வாரம் முழுக்கத் தரையிலேயே வீரர்கள் படுத்திருந்தார்கள். எலி ஓடியது, பேன் ஊர்ந்தது. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மையார் முதலில் கையில் எடுத்தது மருந்தை அல்ல, தரை தேய்க்கும் பிரஷ்ஷை! ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, வெந்நீர் அண்டா வைத்து, வீரர்களின் மனைவிகளைக் கொண்டு துணி துவைக்க ஏற்பாடு செய்தார். பலவீனமானவர்களுக்கு ஏற்ற சாப்பாடு சமைக்கத் தனி அடுக்களை போட்டார். நன்கொடையாக வந்த பணத்திலும் சொந்தப் பணத்திலும் சாமான் வாங்கினார். இரவில் கையில் விளக்கோடு வார்டு வார்டாகச் சுற்றி வந்தார். எழுத முடியாத வீரர்களுக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இறந்தவர்களின் குடும்பத்துக்கும் அவரே எழுதினார்.

நாம் படித்த கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் உண்மையில் பாதிகூட முடியவில்லை.

அந்தக் குளிர்காலம்

விளக்கோடு அவர் சுற்றி வந்த அதே குளிர்காலத்தில், வீரர்கள் கொத்துக் கொத்தாக இறந்துகொண்டே இருந்தார்கள். 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரி பதிவுகளின்படி, சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள். அன்பு இருந்தது, சோறு இருந்தது, துவைத்த துணி இருந்தது. அப்படியும் இறந்தார்கள். பெரும்பாலோர் இறந்தது குண்டுக் காயத்தால் அல்ல, காலரா, சீதபேதி, டைபஸ் காய்ச்சல் போன்ற நோய்களால்.

1855 மார்ச் மாதம் அரசாங்கம் ஒரு சுகாதாரக் குழுவை அனுப்பியது. அந்தக் குழு சாக்கடையை அடித்துச் சுத்தம் செய்தது. செத்த பிராணிகளை அப்புறப்படுத்தியது. தண்ணீர் வருகிற வழியில் ஒரு குதிரையே செத்துக் கிடந்தது என்றால் பாருங்கள்! சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள். அதன் பிறகு சாவு மளமளவெனக் குறைந்து, ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு வந்தது.

நாலே மாசம். 42 எங்கே, 2 எங்கே!

கணக்கு பேசியது

இதற்கிடையில் அம்மையாருக்கும் கிரிமியக் காய்ச்சல் வந்து சாவின் விளிம்பு வரை போய்விட்டார். பிழைத்து எழுந்தும், போர் முடியும் வரை ஊர் திரும்பவில்லை. 1856 ஆகஸ்டில் இங்கிலாந்து வந்தபோது நாடே விழா எடுக்கத் தயாராக இருந்தது. அவரோ ஸ்மித் என்ற வேறு பெயரில் பயணம் செய்து, ஒருவருக்கும் தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புகழ் மழையில் நனையாமல், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரோடு உட்கார்ந்து, எத்தனை பேர், எந்த மாதம், எதனால் இறந்தார்கள் என்று கணக்குப் போட்டார். அந்தக் குளிர்காலத்தில் சாப்பாடும் துணியும் மருந்தும் பற்றாததுதான் பெரிய குறை என்று அவர் நினைத்திருந்தார். கணக்கோ, அழுக்கும் கெட்ட காற்றும் நெரிசலும்தான் பெரும்பாலோரைக் கொன்றது என்று காட்டியது. தான் தலைமை ஏற்று நர்சிங் பார்த்த மருத்துவமனையின் கணக்கு அது. மூடி மறைத்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் அதை அரசாங்கத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

எண்களை வரிசையாக எழுதினால் அமைச்சர்கள் படிக்க மாட்டார்கள் என்று, 1858ல் படமாகவே போட்டார். நாம் கணக்குப் பாடத்தில் போடும் வட்ட விளக்கப்படத்துக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும் அது. மாதத்துக்கு ஒரு துண்டு. தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்தவர்கள் நீல நிறம், காயத்தால் இறந்தவர்கள் சிவப்பு, மற்றவை கறுப்பு. பார்த்தவுடனே நீலம்தான் கண்ணில் அறையும். அதே 1858ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அந்தப் பெருமை பெற்ற முதல் பெண் அவர்தான். கணக்கு எதுக்குன்னு கேட்கிற எங்கள் குரூப் தோழிகள் கவனிக்கவும்!

எங்கள் பாடமும் அவர் புத்தகமும்

1859ல் செவிலியம் பற்றிய குறிப்புகள் என்ற சிறிய புத்தகம் எழுதினார். பெரிய மருத்துவ வார்த்தை எதுவும் இல்லாமல், வீட்டில் நோயாளியைக் கவனிக்கிற பெண்களுக்காக எழுதியது. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று விஞ்ஞானிகள் நிரூபிக்கும் முன்பே எழுதப்பட்டது. அதில் அவர் சொன்னவற்றை எங்கள் பாடத்தோடு வைத்துப் பார்த்தேன்.

காற்று: நோயாளிக்குக் குளிராமல், அதே சமயம் வெளிக் காற்று உள்ளே வரணும். இதைத்தான் முதல் பாடமாக வைத்தார்.

வெளிச்சம்: படுத்திருப்பவருக்கு வெயில் வெளிச்சம் தெரிய வேண்டும். இருட்டு அறையில் பூட்டி வைக்கக் கூடாது.

கை கழுவுதல்: நர்ஸ் ஒரு நாளில் பல தடவை கை கழுவ வேண்டும். எங்களுக்கு வார்டில் முதலில் சொல்லித் தருவதும் இதுவே. நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கழுவணும்.

சத்தம்: தேவையில்லாத சத்தம் நோயாளிக்குக் கொடுமை. அதைவிடக் கொடுமை, கதவுக்கு வெளியே நின்று குசுகுசுவென்று பேசுவது. நம்மைப் பற்றித்தான் பேசுறாங்களோன்னு அவர் மனசு அடிச்சுக்கும்.

சாப்பாடு: சாப்பிடாமல் மிச்சம் வைத்ததை நோயாளியின் கண் முன்னாலேயே வைத்திருக்கக் கூடாது. அவருக்கு எந்த நேரத்தில் இறங்குமோ அந்த நேரம் பார்த்துக் கொடுக்கணும்.

கவனித்தல்: எப்படி இருக்கீங்க என்று கேட்டு, நல்லா இருக்கேன் என்று அவர் சொன்னதும் போய்விடக் கூடாது. எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன சாப்பிட்டார் என்று குறிப்பாகப் பார்க்க வேண்டும். நாங்கள் உடல் வெப்பம், நாடித் துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம் பார்த்துச் சார்ட்டில் குறிப்பது இதன் தொடர்ச்சிதான்.

படுக்கைப் புண்: படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றமில்லை, கவனிப்பின் குற்றம் என்று அவர் எழுதினார். இதைப் படித்ததும் எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது. பக்கவாதம் வந்து அவங்க படுத்த படுக்கையா இருந்தாங்க. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்துபோச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது, ஈரம் தங்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்த கிராம செவிலியர் அக்கா சொல்லிக் கொடுத்தாங்க. அம்மாவும் நானும் சுவரில் நேரம் எழுதி ஒட்டி, முறை வெச்சுத் திருப்பிப் படுக்க வெச்சோம். சிவப்பு மறைஞ்சுது, புண்ணாகலை. ஒரு பைசா மருந்துச் செலவு கிடையாது. நான் இந்தப் பிரிவு எடுத்ததுக்கு அதுதான் காரணம்.

பள்ளியும் நம் நாடும்

போர்க்காலத்தில் மக்கள் அம்மையார் பெயரில் 44 ஆயிரம் பவுண்டுக்கு மேல் நிதி திரட்டியிருந்தார்கள். அந்தப் பணத்தில் 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நர்ஸ் வேலை என்பது படித்து, பயிற்சி பெற்று, சம்பளத்தோடு கௌரவமாகச் செய்யும் தொழில் என்று உலகத்துக்குக் காட்டிய பள்ளி அது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் பல ஊர்களுக்கும் போனார்கள். லூசி ஆஸ்பர்ன் என்பவர் ஐந்து செவிலியரோடு 1868ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி வரை போனார். நம் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் 1871ல் செவிலியர் பயிற்சி தொடங்கியது.

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்தியாவில் இருந்த ராணுவ முகாம்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களை வைத்து ஆராய்ந்தார். குடிநீர் மோசம், வடிகால் இல்லை, நெரிசல் என்று 1863ல் வெளிவந்த அறிக்கைக்கு அவருடைய உழைப்பே முதுகெலும்பு. 1864ல் வங்காளம், பம்பாய், சென்னை மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையம் அமைந்தது. ஆயிரத்துக்கு 69 ஆக இருந்த ராணுவ வீரர் சாவு 18 ஆகக் குறைந்தது என்று 1873ல் அவரே கணக்குக் கொடுத்தார். அதோடு நிற்காமல், பஞ்சம், பாசனம், கிராமச் சுகாதாரம் என்று நம் மக்களுக்காகவும் பல வருஷம் எழுதினார்.

இவ்வளவையும் எங்கே இருந்து செய்தார் தெரியுமா? பெரும்பாலும் படுக்கையில் இருந்து! போரிலிருந்து திரும்பிய பிறகு அவர் உடம்பு சரியாகவே இல்லை. பல வருஷம் அறையை விட்டு அதிகம் வெளியே வராமல், ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதியே வேலைகளை நடத்தினார். கடைசிக் காலத்தில் கண் பார்வையும் போய்விட்டது.

1910 ஆகஸ்ட் 13ஆம் தேதி, 90வது வயதில் லண்டனில் காலமானார். அரசர்களையும் அறிஞர்களையும் அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். அவர் விருப்பப்படி குடும்பத்தார் அதை மறுத்து, கிழக்கு வெல்லோ என்ற கிராமத்துக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கல்லில் அவருடைய முழுப் பெயர் இல்லை. எஃப்.என். என்ற இரண்டு எழுத்தும், பிறப்பு இறப்பு விவரமும் மட்டும் இருக்கின்றன.

தோழர்களே, தோழிகளே! கைவிளக்கு அம்மையாரின் அன்புக்கு அடையாளம். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்போடு சுத்தமும், காற்றும், கவனிப்பும், கணக்கும் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும் என்பது அவர் வாழ்க்கை நமக்குச் சொல்கிற பாடம். பெட்பேனைச் சுத்தமாகக் கழுவி வைப்பதும் உயிர் காக்கும் வேலைதான். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால், கட்டிலைச் சுற்றிக் கூட்டம் போடாதீங்க. சத்தமாகவும் பேசாதீங்க, குசுகுசுன்னும் பேசாதீங்க. ஆளுக்கொரு வைத்தியம் சொல்லாதீங்க. உள்ளே போகும் முன் கை கழுவுங்க.

உங்களுக்குத் தெரியுமா? (கட்டம்)

★ படங்களில் வரும் அலாவுதீன் விளக்கு மாதிரி விளக்கு அவரிடம் இல்லை. அவர் பிடித்திருந்தது துருக்கியில் கிடைக்கும், மடிக்கக்கூடிய கூண்டு விளக்கு.

★ 1850ல் ஏதென்ஸ் நகரில் சிறுவர்களிடமிருந்து ஒரு குட்டி ஆந்தையைக் காப்பாற்றி வளர்த்தார். பெயர் அதீனா. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சுற்றுவாராம்!

★ இங்கிலாந்தின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான் (1907).

★ நம் இந்திய அரசு 1973 முதல் சிறந்த செவிலியர்களுக்கு அவர் பெயரில் தேசிய விருது கொடுக்கிறது.